‘செக்’ என்னும் சொல்லின் சரித்திரம்

ஆங்கில பாஷையில் அன்றாடம் புழங்கும் சொற்களுள், ஒன்றோடொன்று எவ்வித சம்பந்தமும் இல்லாதவை போலத் தோன்றும் பல அர்த்தங்களை ‘செக்’ என்பதைப் போல ஒருசேரத் தாங்கி நிற்பவை சிலவே. வங்கியில் பணம் பெறுவதற்கு எழுதிக் கொடுக்கும் தாளுக்கு அது பெயர். கணக்கையும் விடைத்தாளையும் சரிபார்ப்பதற்கும் அது பெயர். விரைந்து செல்லும் ஒன்றைச் சட்டென்று நிறுத்துவதற்கும், வரம்பு கடக்கும் அதிகாரத்தை அடக்குவதற்கும், கட்டம் கட்டமாக நெய்த துணிக்கும், சதுரங்கப் பலகையில் எதிரியின் அரசன் தாக்குதலுக்கு உள்ளாகி நிற்கும் நிலைக்கும், அமெரிக்க உணவு விடுதியில் சாப்பாடு முடிந்ததும் மேஜைக்கு வரும் பில்லுக்கும், காய்ந்த மரத்தில் விழும் வெடிப்புக்கும் அதுவே பெயர். வங்கித் தாளைக் குறிக்கும்போது பிரிட்டிஷார் அதன் எழுத்துக்களைச் சற்று மாற்றி எழுதுகிறார்களே தவிர, உச்சரிப்பிலும் பிறப்பிலும் பேதம் இல்லை. அகராதியில் இந்த அர்த்தங்களை வரிசையாக வாசிப்பவருக்கு, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த அந்நியர்கள் ஒரே சத்திரத்தில் தங்கியிருப்பது போலத் தோன்றும். ஆனால் சரித்திரத்தைப் பின்தொடர்ந்து சென்றால் இவர்கள் யாவரும் ஒரே குடும்பத்தார் என்பதும், அக்குடும்பத்தின் மூலபுருஷன் ஓர் அரசன் என்பதும் விளங்கும்.

‘செக்’ என்பதன் மூலம் பாரசீகச் சொல்லாகிய ‘ஷா’. ஷா என்றால் அரசன். பழைய பாரசீகச் சாசனங்களில் ‘க்ஷாயதிய’ என்று காணப்படும் சொல்லே காலப்போக்கில் தேய்ந்து ‘ஷா’ ஆயிற்று என்பது மொழிநூலார் துணிபு. ஆளுதல் என்னும் பொருளுடைய அதே தாதுவிலிருந்து ஸம்ஸ்கிருதத்தில் ‘க்ஷத்ரம்’ பிறந்தது. க்ஷத்திரியன் என்ற சொல்லும் அதனோடு சேர்ந்தது. ஆகவே லண்டன்வாசி ஒருவர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் வங்கித் தாளின் பெயரும், நம் புராணங்களில் வில்லேந்தி நிற்கும் க்ஷத்திரியனின் பெயரும் ஒரே வேரில் கிளைத்தவை என்று சொல்வது மிகையாகாது.

அரசனைக் குறித்த சொல் தடையைக் குறிக்கும் சொல்லானது சதுரங்கத்தின் வழியாகத்தான். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நான்கு அங்கங்களைக் கொண்ட சேனையின் பெயரால் வழங்கிய இந்த விளையாட்டு வட இந்தியாவில் தோன்றியது என்பதே சரித்திர ஆசிரியர்களில் பெரும்பாலோரின் முடிவு; ஏழாம் நூற்றாண்டில் பாணபட்டர் இயற்றிய ஹர்ஷசரிதத்தில் இதைப் பற்றிய குறிப்பு உண்டு. அது பாரசீகத்துக்குச் சென்று ‘சத்ரங்’ ஆகி, அரேபியர் அந்நாட்டை வென்றபின் ‘ஷத்ரஞ்ச்’ ஆகி, ஸ்பெயின் தேசத்தின் வழியாகவும் இத்தாலியின் வழியாகவும் ஐரோப்பாவை அடைந்தது. 1008-ஆம் ஆண்டில் ஸ்பெயின் தேசத்து உர்ஹேல் பகுதியின் பிரபு ஒருவர், தம்முடைய சதுரங்கக் காய்களை ஒரு மடாலயத்துக்கு எழுதிவைத்த மரண சாசனம் இன்றும் சரித்திர ஆதாரமாக எடுத்துக் காட்டப்படுகிறது. காய்கள் சென்ற வழியிலேயே சொற்களும் சென்றன. ‘ஷா’ இலத்தீனில் ‘ஸ்காக்குஸ்’ ஆயிற்று. பழைய பிரெஞ்சு மொழியில் ‘எஸ்செக்’ ஆயிற்று. நார்மானியர் ஆட்சியின் வாயிலாக இங்கிலாந்தில் புகுந்து, முன்னெழுத்துக்கள் உதிர்ந்து, ‘செக்’ ஆயிற்று. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மை வடிவத்திலிருந்தே விளையாட்டின் பெயரான ‘செஸ்’ பிறந்தது. எனவே ‘செஸ்’ என்பதன் அடிப்படைப் பொருள் ‘அரசர்கள்’ என்பதுதான்.

இவ்விடத்தில் சற்று நின்று ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பாரசீக ஆட்டக்காரர்கள் எதிரியின் அரசனைத் தாக்கும் நிலையில் ஒரு காயை வைத்தவுடன் ‘ஷா!’ என்று உரக்கச் சொன்னார்கள். அது எக்களிப்பு அன்று, எச்சரிக்கை. உன் அரசனுக்கு அபாயம் நேர்ந்திருக்கிறது, மற்றெல்லாக் காரியங்களையும் விட்டுவிட்டு அவனைக் காப்பாற்று என்று எதிரிக்கே அறிவிக்கும் மரியாதை அது. கவனக்குறைவினால் ஓர் அரசன் வீழ்வது ஆட்டத்துக்கு அழகன்று என்று அவர்கள் கருதினார்கள் போலும். அந்தக் குரல் எழுந்த கணத்தில் ஆட்டம் முழுவதும் தடைப்பட்டு நிற்கிறது. எத்துணை அற்புதமான திட்டம் ஒருவன் மனத்தில் இருந்தாலும் அதை ஒத்திவைத்துவிட்டு, இந்தக் கேள்விக்கு அவன் பதில் சொல்லியே தீர வேண்டும். இன்றைய சர்வதேச விதிகள் அவ்வாறு வாய்விட்டுச் சொல்வதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் சொல்லின் வாழ்க்கையில் அந்தப் பழைய குரல்தான் எல்லாம். எதிர்த்து நிற்பவர் ஒருவர், நின்று பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர், இடையே ஒரு கணத் தடை என்ற இந்த மூன்றும் சேர்ந்த நிலையே ‘செக்’. பின்னால் அது எடுத்த அவதாரங்கள் பலவற்றிலும், அது உயிரோடு வழங்கும் இடங்களில் இந்த மூன்றும் இருப்பதையும், இவற்றுள் ஒன்று குறைந்த இடத்தில் அது வெறும் சடங்காகவோ கொடுமையாகவோ மாறிவிடுவதையும் காணலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஆட்டத்தின் முடிவைக் குறிக்கும் ‘செக்மேட்’ என்பதைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை சொல்ல வேண்டும். ‘ஷா மாத்’ என்ற பாரசீகத் தொடருக்கு ‘அரசன் இறந்தான்’ என்று பொருள் கூறுவது வெகுகாலமாக வழக்கத்தில் இருந்து வருகிறது. அரபு மொழியில் ‘மாத்த’ என்பது இறத்தலைக் குறிப்பதால் எழுந்த விளக்கம் அது. பாரசீகத்திலோ ‘மாத்’ என்பதற்குத் திகைத்துப்போனவன், செய்வதறியாது நிற்பவன் என்பதே பொருள். ஆட்டத்தின் இயல்புக்கும் இதுவே பொருந்துகிறது. ஏனெனில் சதுரங்கத்தில் மற்றெல்லாக் காய்களும் வெட்டுண்டு பலகையை விட்டுப் போகின்றன, அரசன் மட்டும் ஒருபோதும் வெட்டுப்படுவதில்லை. போக்கிடம் இல்லாமல் நிற்கும்போதே ஆட்டம் முடிந்துவிடுகிறது.

பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இச்சொல் பலகையை விட்டு இறங்கி வாழ்க்கைக்குள் வந்துவிட்டது. சாஸர் என்னும் மகாகவி, லங்காஸ்டர் பிரபுவின் மனைவி பிளாஞ்ச் 1368-இல் இறந்ததை ஒட்டி எழுதிய காவியத்தில், துக்கத்தில் மூழ்கிய வீரன் ஒருவன் தன் பிரியநாயகியை இழந்த கதையை, விதியோடு சதுரங்கம் ஆடித் தன் ராணியைப் பறிகொடுத்ததாகச் சொல்கிறான். எதிர்பாராத இடையூறு, முகத்தில் அறைந்தாற்போன்ற மறுப்பு, கண்டனம் ஆகிய பொருள்கள் அக்காலத்தில் வந்து சேர்ந்தன. வல்லூறு வேட்டைக்காரர்களும் இதை எடுத்துக்கொண்டார்கள். துரத்திய இரையை விட்டுவிட்டு இடையில் தென்பட்ட அற்பப் பறவையின்மேல் வல்லூறு பாய்ந்தால் அதற்கும் இதுவே பெயர். பிறகு மெல்ல மெல்ல, நிறுத்துதல் என்பது அடக்கி வைத்தல் என்றும், அடக்கி வைத்தல் என்பது கண்காணித்தல் என்றும் விரிந்தது.

கண்காணித்தலும் சரிபார்த்தலும் இச்சொல்லோடு ஒட்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதுவே இந்தச் சரித்திரத்தில் மிகவும் சுவையான அத்தியாயம். பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசனுடைய வருமானத்தைக் கணக்குப் பார்த்த சபைக்கு ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர். சதுரங்கப் பலகை என்பதே அதன் பொருள். அச்சபையின் பொக்கிஷதாரராக விளங்கிய ரிச்சர்ட் பிட்ஸ்நீல் என்பவர், 1170-களின் பிற்பகுதியில், ஆசானும் மாணாக்கனும் உரையாடும் பாவனையில் இலத்தீனில் ஒரு நூல் எழுதத் தொடங்கினார். அதில் அந்தப் பெயருக்குக் காரணமான மேஜையை அவர் வர்ணிக்கிறார். ஏறத்தாழ பத்தடி நீளம், ஐந்தடி அகலம். மேலே வைத்தவை உருண்டு விழாதபடி சுற்றிலும் நான்கு விரல் உயர விளிம்பு. அதன்மேல் கோடுகள் இட்ட கறுப்புத் துணி. அந்தக் கோடுகளுக்கு இடைப்பட்ட பத்திகளில் பென்ஸுகளுக்கு ஒன்று, ஷில்லிங்குகளுக்கு ஒன்று, பவுன்களுக்கு ஒன்று, இருபதுகளுக்கும் நூறுகளுக்கும் ஆயிரங்களுக்கும் ஒவ்வொன்று என்று முறைப்படுத்தி, வட்ட வில்லைகளை நகர்த்திக் கணக்கிட்டார்கள். ரோம எண்களில் எழுதிக் கூட்டுவதும் கழிப்பதும் எளிதன்று. பூஜ்யத்தைக் கொண்ட நம் நாட்டு எண்முறையோ அந்தச் சபையை இன்னும் எட்டவில்லை. ஆகவே எழுத்தறியாத பிரபுவும் கண்ணால் கண்டு ஒப்புக்கொள்ளத்தக்க வகையில், கணக்கு பகிரங்கமாக, துணியின்மேல் நடந்தது.

அந்தச் சபைக்கு ஏன் அந்தப் பெயர் என்று நூலிலுள்ள மாணாக்கன் வினவுகிறான். மேஜையின் தோற்றம் ஒரு காரணம் என்று ஆசான் சொல்கிறார். ஆனால் அதோடு அவர் நிற்கவில்லை. சதுரங்கத்தில் இரண்டு அரசர்களுக்கிடையே போர் நிகழ்வதைப் போல, இங்கே பொக்கிஷதாரருக்கும், தம் பிரதேசத்தில் வரி வசூலித்துக் கணக்குக் கொடுக்க வந்திருக்கும் ஷெரீப்புக்கும் இடையே போராட்டம் நிகழ்கிறது, மற்றவர்கள் நடுவர்களாக அமர்ந்து பார்க்கிறார்கள் என்றும் விளக்குகிறார். எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நிர்வாகி தம் உத்தியோகத்தின் தத்துவத்தை இவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்தார் என்பது என்னை ஒவ்வொரு முறையும் வியப்பில் ஆழ்த்துகிறது. சரிபார்த்தல் என்பது தனியொருவன் தன் அறையில் அமர்ந்து செய்யும் காரியம் அன்று. எதிரெதிரே இருவர் அமர வேண்டும், ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்ல வேண்டும், இருவருக்கும் பொதுவான ஒரு பலகை நடுவே இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் ஷெரீப்புக்கும் பாதுகாப்பு இருந்தது என்பதை மறந்துவிடலாகாது. அவர் செலுத்தியதை எவரும் மறைத்துவிட முடியாது.

மேஜையோடு மட்டும் அவர்கள் திருப்தி அடையவில்லை. செலுத்திய தொகைக்கு ரசீதாக ஹேசல் என்னும் மரத்தின் குச்சியில் வெட்டுக்களைப் பதித்தார்கள். ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கை அகல வெட்டு; நூறு பவுனுக்குக் கட்டைவிரல் அகலம்; இருபது பவுனுக்குச் சுண்டுவிரல் அகலம்; ஒரு பவுனுக்குப் பருத்த வாற்கோதுமை மணியளவு. பிறகு குச்சியை நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியைப் பணம் செலுத்தியவரிடம் கொடுத்து, மறு பாதியைச் சபையில் வைத்துக்கொண்டார்கள். கணக்கு நாளில் இரண்டு பாதிகளையும் பொருத்திப் பார்த்தால் வெட்டுக்கள் இணைய வேண்டும். ஒரு பாதியில் மட்டும் புது வெட்டு ஏற்றியவன் அகப்பட்டுக்கொள்வான். கணக்குச் சுருளும் அவ்வாறே. பொக்கிஷதாரருக்கு ஒரு சுருள், சான்சலரின் எழுத்தருக்கு அதற்கு இணையான மற்றொரு சுருள். கட்டுப்பாட்டைக் குறிக்கும் ‘கன்ட்ரோல்’ என்ற சொல்லுக்கும் எதிர்ச்சுருள் என்பதுதான் மூலப்பொருள் என்பதை அறியும்போது, அதிகாரத்தை அடக்குவது என்னும் கருத்தே இந்த இரட்டைப் பதிவிலிருந்து கிளைத்ததோ என்று எண்ணத் தோன்றுகிறது. நம் ரசீதுப் புத்தகங்களில் கிழித்துக் கொடுத்தது போக எஞ்சி நிற்கும் பகுதியைத் தமிழில் ‘அடிக்கட்டை’ என்கிறோம். ஆங்கிலேயருக்கோ அது ஒரு காலத்தில் மெய்யாகவே கட்டையாக இருந்தது.

அந்தக் குச்சிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை வழக்கில் இருந்தன என்பது நம்புவதற்கு அரிய செய்தி. 1826-இல் அவை கைவிடப்பட்டன. பயனற்றுக் குவிந்து கிடந்தவற்றை 1834-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி பிரபுக்கள் சபைக்குக் கீழிருந்த உலைகளில் இட்டு எரித்தார்கள். இரண்டு வண்டி குச்சிகளின் நெருப்பு அளவு கடந்து மூண்டு, வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கியது. இன்று அவ்விடத்தில் நிற்கும் பாராளுமன்றக் கட்டடம் அதன்பின் எழுந்தது. பிரிட்டனின் நிதி மந்திரியோ இன்றும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்றே அழைக்கப்படுகிறார்.

வங்கித் தாளின் கதை இதனோடு நேராகப் பிணைந்தது. வங்கியாளரிடம் தாம் வைத்திருக்கும் பணத்திலிருந்து இன்னாருக்கு இவ்வளவு கொடுங்கள் என்று எழுதி அனுப்பும் பழக்கம் பதினேழாம் நூற்றாண்டு லண்டனில் வேரூன்றியது; லண்டன் மாநகரத்து வங்கியாளர்களான மாரிஸ், கிளேட்டன் என்னும் இருவர் 400 பவுன் கொடுக்கும்படி எழுதப்பட்டு, 1659-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் தேதி இட்ட தாள், இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழையவற்றுள் ஒன்று. ஆனால் அக்காலத்தில் அதற்கு ‘செக்’ என்று பெயர் இல்லை. மோசடியைத் தடுப்பதற்காக அடிக்கட்டையோடு கூடிய, எண்ணிட்ட படிவங்களைப் பதினெட்டாம் நூற்றாண்டில் அச்சிட்டார்கள். தாளும் அடிக்கட்டையும் சேரும் இடத்தில் சித்திர வேலை இருக்கும். அதன் குறுக்கே வெட்டிக் கொடுத்தால், பின்னர் இரண்டையும் பொருத்தி உண்மையை அறியலாம். அந்த அடிக்கட்டைக்குத்தான் ‘செக்’ என்று முதலில் பெயர். பணம் தரச் சொல்லும் தாளுக்கு அன்று. அத்தாளைச் சோதிப்பதற்காக நின்ற பகுதிக்கு! நாளடைவில் பெயர் அடிக்கட்டையிலிருந்து தாளுக்குத் தாவிவிட்டது. எக்ஸ்செக்கரின் நினைவால் பிரிட்டிஷார் எழுத்தையும் மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்கள் பழைய எழுத்திலேயே நின்றார்கள்.

இந்தியாவில் 1881-ஆம் ஆண்டு இயற்றிய மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் ஆறாம் பிரிவு ‘செக்’ இன்னதென வரையறுக்கிறது. நம் ஜனங்கள் அதைவிட நன்கறிந்தது அதே சட்டத்தின் 138-ஆம் பிரிவு. கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்பிவிட்டால் அதைக் குற்றமாகக் கருதும் அந்தப் பிரிவு 1988-இல் சேர்க்கப்பட்டு, 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. செக் திரும்பிய உடனேயே குற்றம் பூர்த்தியாகிவிடுவதில்லை என்பதே இதில் நான் போற்றும் அம்சம். பணம் வர வேண்டியவர் எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்ததிலிருந்து பதினைந்து நாட்களுக்குள் பணத்தைச் செலுத்திவிட்டால் வழக்கு இல்லை. பாரசீகத்து ஆட்டக்காரன் எழுப்பிய எச்சரிக்கைக் குரல், சட்டம் இயற்றியவர்களின் நினைவில் இருந்திருக்க முடியாது; இருந்தும் அதே நியாயம் வேறு வழியாக வந்து சேர்ந்திருக்கிறது.

அரசியல் சாஸ்திரத்தில் இச்சொல் பெற்ற உயர்வைச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் அது யாவரும் அறிந்த விஷயம். அதிகாரத்தை அதிகாரத்தால்தான் நிறுத்த முடியும் என்ற கருத்தை பிரெஞ்சு அறிஞர் மாந்தெஸ்கியு 1748-இல் வெளியிட்ட தம் நூலில் ஸ்தாபித்தார். 1787-இல் பிலடெல்பியாவில் கூடி அமெரிக்க அரசியல் சட்டத்தை வகுத்தவர்கள் அதைச் செயலாக்கினார்கள். காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை ஜனாதிபதி மறுக்கலாம். இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் மீண்டும் வாக்களித்தால் அந்த மறுப்பு செல்லாது. ஒவ்வோர் அதிகாரியும் மற்றோர் அதிகாரிக்கு ஒரு சதுரங்க எதிரி. மறு ஆண்டில், அவ்வாறு வகுத்தவர்களுள் ஒருவரான மாடிசன் ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரை வரிசையில் எழுதிய ஐம்பத்தொன்றாம் கட்டுரை இந்த ஏற்பாட்டுக்குச் சொல்லப்பட்ட மிகச் சிறந்த நியாயமாக இன்றும் விளங்குகிறது. அரசனின் பெயராகப் பிறந்த சொல், அரசன் இல்லாத தேசத்தில், எவரும் அரசனாகிவிடாதபடி தடுக்கும் ஏற்பாட்டின் பெயராயிற்று.

துணிக்கு வந்த பெயர் பலகையின் தோற்றத்தால் வந்தது. இங்கே நம் கடற்கரை நேராகச் சம்பந்தப்படுகிறது. சோழமண்டலக் கரையில் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணிகள் பல நூற்றாண்டுகளாகக் கப்பலேறியவை. மலாய் நாட்டில் கட்டம் போட்ட கைலிக்கு ‘காயின் பெலிகாட்’ என்று பெயர். அந்தப் பெலிகாட் நம் பழவேற்காடுதான். ‘ரியல் மெட்ராஸ் ஹாண்ட்கர்ச்சீஃப்’ என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்ற துணியை நைஜீரியாவின் கலபாரி மக்கள் ‘இஞ்ஜிரி’ என்று அழைத்து, பிறப்பு முதல் இறப்பு வரையிலான சடங்குகளில் உடுத்துகிறார்கள். சில இழைகளை மட்டும் அறுத்தெடுத்து அதில் புதுச் சித்திரங்கள் உண்டாக்கும் கலையையும் வளர்த்திருக்கிறார்கள். ஆங்கில ஆடை வியாபாரத்தில் ‘மெட்ராஸ் செக்’ என்பது இன்றும் நிலைத்த பெயர். அதை நெய்த நம்மவர் அதனைக் கட்டம் என்றே சொன்னார்கள். காரைக்குடிக் கண்டாங்கியை விற்பவரும் வாங்குபவரும் கட்டத்தின் அகலத்தைப் பேசுவார்களே தவிர, அதற்கு அந்நியப் பெயர் தேடியதில்லை.

இருபதாம் நூற்றாண்டு இச்சொல்லுக்கு அளித்த முக்கியமான கிளை ‘செக்லிஸ்ட்’. 1935-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி அமெரிக்காவின் ஓஹையோ மாகாணத்தில் ரைட் ஃபீல்ட் என்னும் இடத்தில், போயிங் கம்பெனியின் புதிய நான்கு எஞ்சின் விமானம் கிளம்பிய சிறிது நேரத்தில் தலைக்குப்புற விழுந்து எரிந்தது. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாதிருக்கும்படி வாலின் பாகங்களைப் பூட்டி வைத்திருந்த தாழை எடுக்க மறந்துவிட்டார்கள் என்பதே காரணம். தேர்ந்த விமானி ஓட்டிய விமானம் அது; அவர் இறந்தார், உடன் சென்ற மற்றொருவரும் இறந்தார். இயந்திரம் ஒரு மனிதனின் ஞாபகசக்திக்கு மீறியதாகிவிட்டது என்பதை உணர்ந்து, கிளம்புமுன் பார்க்க வேண்டியவற்றை வரிசையாக எழுதி, ஒருவர் வாசிக்க மற்றவர் செய்து பதில் சொல்லும் முறையை வகுத்தார்கள். அதே வகை விமானம்தான் பின்னர் பி-17 என்ற பெயரில் இரண்டாம் உலகப் போரில் பெருந்தொகையாகப் பறந்தது.

2008-இல் உலக சுகாதார ஸ்தாபனம் அறுவைச் சிகிச்சைக்கு 19 அம்சங்கள் கொண்ட இத்தகைய பட்டியலை வெளியிட்டது. மயக்க மருந்து கொடுக்குமுன் ஒரு முறை, கத்தியை வைக்குமுன் ஒரு முறை, நோயாளி அறையை விட்டுச் செல்லுமுன் ஒரு முறை என மூன்று இடங்களில் எல்லோரும் நின்று பதில் சொல்ல வேண்டும். புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைப் பரீட்சித்தபோது, சிகிச்சைக்குப் பின் இறந்தோர் விகிதம் நூற்றுக்கு 1.5-இலிருந்து 0.8 ஆகக் குறைந்ததென்று 2009-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. தாள் மட்டும் இதைச் செய்துவிடாது என்பதைச் சொல்லியாக வேண்டும். தலைமை மருத்துவரை ஒரு நர்ஸ் நிறுத்திக் கேட்கலாம் என்ற உரிமை அந்தத் தாளோடு சேர்ந்து வந்தது. கேட்பவர் இல்லாமல், எல்லாக் கட்டங்களிலும் முன்கூட்டியே குறியிட்டு வைக்கும் இடங்களில் அது வெறும் காகிதம்.

நம் பேச்சில் இச்சொல் முற்றும் குடியேறிவிட்டது. பஸ்ஸில் டிக்கெட் பார்க்க ஏறுபவர் ‘செக்கர்’. மருத்துவரிடம் போவது ‘செக்-அப்’. ஊர் எல்லையில் இருப்பது ‘செக் போஸ்ட்’. எழுத்துத் தமிழில் அது சோதனைச் சாவடி. ஓடையின் குறுக்கே கட்டும் தடுப்பணைக்குப் பொறியாளர் வழங்கும் பெயரும் ‘செக் டேம்’. மூலப்பொருளுக்கு மிக அருகில் நிற்கும் பிரயோகம், ‘அவனுக்குச் செக் வைத்துவிட்டான்’ என்று நாம் சொல்வது. தெருப் பேச்சிலிருந்து அரசியல் பத்திரிகை வரை வழங்கும் இத்தொடரில் சதுரங்கப் பலகை அப்படியே இருக்கிறது. உலக சாம்பியனாக விளங்கிய விசுவநாதன் ஆனந்த் வளர்ந்த சென்னையில், 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடுக்காக நேப்பியர் பாலமே சதுரங்கக் கட்டங்களாகத் தீட்டப்பட்ட நகரத்தில், இத்தொடர் ஊன்றி நிற்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் தமிழர் வாழ்க்கையில் இச்சொல்லுக்கு இருண்ட பக்கம் ஒன்றும் உண்டு. இலங்கையில் யுத்தம் நடந்த ஆண்டுகளில் சோதனைச் சாவடி என்பது வாழ்வையே அளக்கும் சொல்லாக இருந்தது. 2002-இல் கண்டி வீதி திறக்கப்பட்டபின் ஓமந்தையிலும் முகமாலையிலும் அடையாள அட்டையைக் கையில் ஏந்தி வரிசையில் நின்றவர்களின் நினைவில், அச்சொல்லுக்கு எக்ஸ்செக்கரின் நியாயமோ சதுரங்கத்தின் மரியாதையோ இருக்க வழியில்லை. அங்கே கேட்பவர் ஒருவர், பதில் சொல்பவர் ஒருவர். ஆனால் நடுவே பொதுவான பலகை இல்லை. கேட்பவரைத் திருப்பிக் கேட்கும் உரிமையும் இல்லை. தடை மட்டும் எஞ்சி, எதிராட்டம் அழிந்துவிடும்போது இச்சொல் எத்துணைக் கடுமையானதாகிவிடுகிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

வங்கித் தாளின் பிரயோகம் இன்று நாளுக்கு நாள் சுருங்கி வருகிறது. தாளே வங்கிக்கு வங்கி பயணம் செய்வதில்லை. அதன் பிரதிபிம்பத்தை மட்டும் மின்வழியில் அனுப்பும் முறை இந்தியாவில் 2008-இல் புதுடெல்லியிலும் 2011-இல் சென்னையிலும் தொடங்கியது. இந்தப் புது முறையில் பழைய அபாயம் ஒன்று திரும்பி வந்தது. பிம்பத்தைப் பார்த்து மட்டும் திருத்தலையும் போலியையும் கண்டுபிடிப்பது கடினம். அதற்கு ரிசர்வ் வங்கி கண்ட பரிகாரம் 2021-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக்குகளுக்கு, எழுதியவர் தேதி, பெறுபவர் பெயர், தொகை முதலிய விவரங்களைத் தம் வங்கிக்குத் தனியாகத் தெரிவித்துவிடலாம். செக் வந்து சேரும்போது வங்கி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால் பணம் கொடுக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் ‘செக்’ என்று பெயர் பெற்ற அடிக்கட்டை செய்த வேலையும் இதுதான்.